பிஸ்துல்யாவும் ஃபன்றியும்: இளஞ்சிறார் சித்திரிப்பில் பெயரிடும் சொற்கள்

1. முன்னுரை

நெறி பிறழ்ந்தவராகக் கருதப்படும் இளஞ்சிறாரைப் பற்றிய திரைப்படங்கள் பெரும்பாலும் அவர்தம் செயல்களைக் கொண்டே மதிப்பிடப்படுகின்றன. திருடுதல், பள்ளிக்கு வாராமை, கல்லெறிதல் முதலியன கதை நிகழ்ச்சிகளாகின்றன. வறுமையும் குடும்பச் சூழலும் அவற்றின் காரணங்களாகக் காட்டப்படுகின்றன. அச்சிறார் எச்சொற்களால் அழைக்கப்படுகின்றனர், அச்சொற்கள் எம்மொழிக்குரியன என்னும் வினாக்கள் திரைத் திறனாய்வில் அரிதாகவே எழுகின்றன. மராத்தி இயக்குநர் நாகராஜ் மஞ்சுளே மாணவராயிருந்தபோது எடுத்த 'பிஸ்துல்யா' (2009) என்னும் குறும்படமும், அதன் வளர்நிலையாகக் கருதத்தக்க அவருடைய முதல் முழுநீளப் படமாகிய 'ஃபன்றி'யும் (2013) இவ்வினாக்களைத் தவிர்க்க இயலாதவாறு முன்வைக்கின்றன. பின்னதன் தலைப்புச் சொல் தமிழோடு நெருங்கிய உறவுடைய ஒரு பேச்சுமொழிக்குரியது. ஆதலின் தமிழ் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இவற்றைத் தனித்து நோக்குதல் வேண்டும்.

2. மாணவர் ஆக்கம்

இன்று அகில்யாநகர் எனப் பெயர் மாற்றப்பெற்றுள்ள அகமதுநகரில் தகவல்தொடர்பியல் பயின்ற காலத்தில், படிப்பின் ஒரு பகுதியாக மஞ்சுளே 'பிஸ்துல்யா'வை உருவாக்கினார். பள்ளிக்குச் செல்ல விழையும் சிறுவன் ஒருவன் பிழைப்பின் பொருட்டுத் திருட்டுக்குத் தள்ளப்படுவதே இதன் கரு. முழுநீளக் கதைப்படமல்லாத படங்களுக்கான பிரிவில் இது தேசிய விருது பெற்றது.

இத்தகைய பொருளை எடுத்துக்கொள்ளும் மாணவர் ஆக்கங்களில் அறிவுரை மிகுவது இயல்பு. சிறுவன் ஏன் கெட்டான், எவ்வாறு திருந்துவான் என்று படம் விளக்கத் தொடங்கிவிடும். 'பிஸ்துல்யா' அவ்வழியில் செல்லவில்லை. சிறுவனின் விழைவைத் தன் மையமாகக் கொள்கிறது. எனினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. பார்வையாளர் சிறுவன்மீது இரக்கம் கொள்கிறார். இரக்கம் கொள்பவர் தம்மை அவனுடைய துன்பத்துக்குப் புறத்தே நிறுத்திக்கொள்கிறார். அச்சிறுவனுக்கு அத்தொழிலைப் பிறப்புரிமைபோல் உரிமையாக்கிய சமூகத்தில் தாமும் ஓர் உறுப்பினர் என்பதை அவர் உணரவேண்டிய கட்டாயம் இல்லை. இந்த எல்லையை 'ஃபன்றி' கடக்கிறது. அதற்கு அது கைக்கொள்ளும் கருவி சொல்லே.

3. பெயரின் ஈறு

'பிஸ்துல்யா' என்னும் பெயர் கைத்துப்பாக்கியைக் குறிக்கும் 'பிஸ்துல்' என்னும் மராத்திச் சொல்லை நினைவூட்டுவது. அதன் ஈற்றிலுள்ள '-யா' கருதத்தக்கது. மராத்தியில் இவ்வீறு நெருக்கத்தையும் இளக்காரத்தையும் ஒருங்கே உணர்த்தும். கணேஷ் 'கண்யா' ஆதல் போல, 'ஃபன்றி'யின் தலைமகன் ஜாம்புவந்த் 'ஜப்யா' ஆகிறான். அவன் தோழன் பிராஜி 'பிர்யா' ஆகிறான். இராமகாதையின் சாம்பவானுடைய பெயரைத் தாங்கிய சிறுவன் ஊரார் வாயில் குறுகிப்போகிறான். தோழன் 'ஜப்யா' என்னும்போது நட்பாகவும், ஊர்ப் பெரியவர் அவ்வாறே அழைக்கும்போது ஏவலாகவும் அச்சொல் ஒலிக்கிறது. வேறுபாடு சொல்வடிவில் இல்லை. சொல்வோனிடத்தும் கேட்போனிடத்தும் உள்ளது.

தமிழிலும் சுப்பையா, சுப்பன் என்னும் வடிவ வேறுபாடு சாதிப் படிநிலையைச் சுட்டிய வழக்கு அறிஞர் அறிந்ததே. ஆயினும் தமிழாக்கத்தில் 'ஜப்யா' என்பதை அவ்வாறே விடுத்தால் அது வெறும் இடுபெயராகிவிடும். முழுப்பெயர் பள்ளியில் வழங்கும் இடத்தையும், குறும்பெயர் தெருவில் வழங்கும் இடத்தையும் மொழிபெயர்ப்பாளர் பிரித்துக் காட்டினால், ஈற்றின் பொருள் ஒருவாறு விளங்கும்.

4. தலைப்புச் சொல்

'ஃபன்றி' என்பது கைக்காடி மொழிச் சொல். பன்றி என்பது பொருள். கைக்காடிகள் மகாராட்டிரத்தில் கூடைமுடைதல் முதலிய தொழில்களைச் செய்துவந்த சமூகத்தார். கிரியர்சன் தம் இந்திய மொழியளவாய்வின் நான்காம் தொகுதியில் (1906) கைக்காடியைக் கொரவத்தோடு சேர்த்துத் தமிழின் கிளைவழக்குகளுள் வைத்துள்ளார். தலைப்புச் சொல் ஒன்றே இவ்வுறவுக்குச் சான்றாகும். தமிழின் எழுத்து வழக்கில் 'பன்றி' என நிற்பது பேச்சில் 'பன்னி' ஆகும், மலையாளத்திலும் 'பன்னி'யே. தெலுங்கில் 'பந்தி', பழங்கன்னடப் 'பந்தி' பின்னர் 'ஹந்தி' ஆயிற்று. கைக்காடி வடிவத்தில் முதலெழுத்தாகிய பகரம் உரசொலியாகிறது. ஆனால் தமிழ்ப் பேச்சுவழக்குகள் பெரும்பாலும் இழந்துவிட்ட 'ன்ற்' மயக்கத்தின் ஒலிப்பு அங்கே நிலைத்துள்ளது.

படத்தில் ஜப்யாவின் குடும்பம் வீட்டில் கைக்காடியும் ஊரிலும் பள்ளியிலும் மராத்தியும் பேசுகிறது. மராத்தியில் பன்றிக்குரிய சொல் 'டுக்கர்'. எனவே மராத்திப் பார்வையாளர்க்குத் தலைப்பு விளங்காச் சொல்லாகவே தொடங்குகிறது. இறுதிப் பகுதியில் ஊர்த் திருவிழாவை முன்னிட்டுப் பன்றி பிடிக்குமாறு அக்குடும்பம் ஏவப்படுகிறது. பள்ளித் தோழரும், ஜப்யா விரும்பும் சாலுவும் நின்று வேடிக்கை பார்க்கின்றனர். நாட்டுப்பண் ஒலிக்கும்போது பிடிப்போர் அசையாது நிற்க, பன்றி நழுவுகிறது. பின்னர் வேடிக்கை பார்த்தோர் 'ஃபன்றி' என்னும் சொல்லையே அவன்மீது ஏவுகின்றனர்.

இங்கே இகழ்ச்சி இருமடங்காகிறது. 'டுக்கர்' என்று ஏசியிருந்தால் விலங்கோடு ஒப்பிட்ட வசையாக மட்டும் நின்றிருக்கும். தாய்மொழிச் சொல்லைப் பறித்து எறிந்ததால் அவனுடைய விலங்கும் தொழிலும் மொழியும் ஒரே சொல்லில் இழிக்கப்படுகின்றன. வீட்டில் இயல்பான பெயர்ச்சொல்லாக வழங்கியது தெருவில் சாதிச்சொல்லாகிவிடுகிறது.

5. மொழிபெயர்ப்புச் சிக்கல்

துணைத்தலைப்புகள் பொதுவாக ஒரே இலக்குமொழியில் அமைவன. கைக்காடி உரையாடலும் மராத்தி உரையாடலும் ஒரே நடையில் பெயர்க்கப்படின், வசையின் பாதி மறைந்துபோகும். ஆங்கிலத்திற்கு இது இழப்பு. தமிழுக்கோ சிக்கல் எதிர்த்திசையில் வருகிறது: சொல் மிகையாக விளங்கிவிடுகிறது. தலைப்பைப் 'பன்றி' எனப் பெயர்த்தால், சிறுபான்மையோர் சொல் பெரும்பான்மையோர் சொல்லாகிவிடும். தமிழ்ப் பார்வையாளர், அறியாமலேயே, ஊராரின் பக்கத்தில் நிறுத்தப்படுவர்.

இதற்கு எளிய தீர்வு உண்டு. மராத்தி 'டுக்கர்' வருமிடங்களில் 'பன்றி' எனவும், கைக்காடிச் சொல் வருமிடங்களில் 'ஃபன்றி' எனவும் எழுதலாம். தேவநாகரி எழுத்தைப் பின்பற்றி 'ஃபண்ட்ரி' என எழுதுவோரும் உளர். அவ்வடிவம் ஒலிப்பை மட்டும் தருகிறது. 'ஃபன்றி' என்னும் வடிவமோ உறவையும் வேற்றுமையையும் ஒருங்கே காட்டும். ஆய்த எழுத்து ஒன்று அச்சொல் வேறொரு வீட்டுக்குரியது என்பதை உணர்த்திவிடுகிறது.

6. சட்டத்தின் சொற்கள்

பெயரிடும் ஆற்றல் ஊராரிடம் மட்டும் இருந்ததன்று. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் குழுக்கள் சிலவற்றைப் பிறப்பினாலேயே குற்றவாளிகள் என்று பட்டியலிட்டது. பம்பாய் மாகாணத்தில் கைக்காடிகளும் அதற்கு உட்பட்டனர். 1952இல் அச்சட்டம் நீக்கப்பட்டபின் அக்குழுக்கள் மராத்தியில் 'விமுக்த ஜாதி' எனவும், தமிழில் 'சீர்மரபினர்' எனவும் வழங்கப்பட்டன. முன்னது விடுவிக்கப்பட்டோர் என்னும் பொருளினது; எதிலிருந்து விடுவிக்கப்பட்டனர் என்னும் நினைவு அதில் எஞ்சுகிறது. தமிழ்ச்சொல்லோ மரபு சீராக்கப்பட்டதாகச் சொல்லி, சட்டத்தின் பிழையை மக்களின் பிழையாக்கும் இடர் உடையது.

சிறார் பற்றிய கலைச்சொற்களும் இவ்வாறே மாறிவந்துள்ளன. 1986ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 'நெறிபிறழ்ந்த' என்னும் பொருள்தரும் அடையை இளஞ்சிறார்க்கு வழங்கியது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் கைவிட்டுச் 'சட்டத்தோடு முரண்பட்ட' என்றது; 2015ஆம் ஆண்டுச் சட்டம் 'குழந்தை' என்னும் சொல்லையே ஏற்றது. அதன் 3ஆம் பிரிவு, குழந்தை தொடர்பான நடவடிக்கைகளில் குற்றஞ்சாட்டும் தன்மையுடைய சொற்கள் பயன்படுத்தப்படலாகாது என்பதைப் பொதுநெறிகளுள் ஒன்றாக வகுத்துள்ளது. சொற்பொருண்மையைச் சட்டநெறியாக ஏற்ற அரிய இடம் இது. ஆயினும் 'இளங்குற்றவாளி' என்னும் சொல் தமிழ் இதழ்களிலும் மொழிபெயர்ப்புகளிலும் இன்னும் நீங்கவில்லை.

7. முடிவுரை

'ஃபன்றி'யின் இறுதியில் ஜப்யா கல்லெறிகிறான். கடைசிக் கல் ஒளிப்படக் கருவியை நோக்கி, அதாவது பார்வையாளரை நோக்கி வருகிறது. செயலை மட்டும் காண்போர்க்கு இது ஒரு சிறுவனின் வன்முறை. அதற்கு முன்னர் எறியப்பட்ட சொல்லைக் கேட்டோர்க்கு இது மறுமொழி. 'பிஸ்துல்யா' பார்வையாளரிடம் கேட்ட இரக்கத்தை இப்படம் கேட்கவில்லை. தாமும் வேடிக்கை பார்த்தோருள் ஒருவரோ என அவர் எண்ணுமாறு செய்கிறது. மாணவர் ஆக்கத்திலிருந்து முழுநீளப் படம் அடைந்த வளர்ச்சி இதுவே.

இம்மறுமொழி தமிழில் விளங்கவேண்டுமெனில், எறியப்பட்ட சொல் எவருடைய மொழியிலிருந்து எடுக்கப்பட்டது என்பது துணைத்தலைப்பில் தெரிதல் வேண்டும். அது தெரியாதபோது எஞ்சுவது காரணமின்றிக் கல்லெறியும் ஒரு சிறுவனின் காட்சி மட்டுமே. ஊரார் அவனைப் பற்றிக் கொண்ட கருத்தையே மொழிபெயர்ப்பும் வழிமொழிந்ததாகிவிடும்.