ஒத்துப்போவதெல்லாம் சரியாகிவிடாது

போடி ஏலக்காய்க் கடைகளுக்கும் சின்னமனூர், கம்பம் பக்கத்துச் சிறு அலுவலகங்களுக்கும் லினக்ஸ் சர்வர் அமைத்துத் தரும்போது ஒரு வாதம் சாதாரணமாக வந்து விழுகிறது: "ரெண்டு டிஸ்க்குல மிரர் போட்டாச்சு, பிட்மேப்பும் இருக்கு. கரண்ட் போனாலும் கவலையில்லை, தனியா பேக்கப் எதுக்கு?" இந்த வாதம் தவறு. கணக்கையே நம்பிப் பிழைக்கிற ஊர்களில் இது ஆபத்தும்கூட.

மிரர் என்பது ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் ஏற்பாடு; பிட்மேப் என்பது எந்தப் பகுதிகளில் எழுத்து வேலை நடக்கிறது என்று குறித்துவைக்கும் பட்டியல். பிட்மேப்பின் பயனை மறுக்கவில்லை. ஆடிக் காற்றில் மின்சாரம் திடீரென நின்றால், பிட்மேப் இல்லாத 4 டெராபைட் மிரரை முதலிலிருந்து கடைசிவரை ஒத்திசைக்க வேண்டும். நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் அதற்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிட்மேப் இருந்தால், எழுதப்போகும் பகுதி முன்கூட்டியே குறிக்கப்பட்டிருப்பதால் அந்தப் பகுதிகளைப் பார்த்தால் போதும். வேலை பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். வெரிட்டாஸ் போன்ற பெரிய நிறுவன மென்பொருள்களில் இருந்த இந்த வசதி 2005இல் லினக்ஸ் கெர்னலுக்கும் வந்தது. மிரரை நிர்வகிக்கும் எம்டிஆட்ம் (mdadm) கட்டளையின் ஒரே வரியில், ஓடிக்கொண்டிருக்கும் மிரரிலேயே அதைச் சேர்க்கவும் நீக்கவும் முடியும். இவ்வளவும் உண்மை.

ஆனால் அந்தப் பிட்மேப்புக்கு என்ன தெரியும்? இயல்பான அமைப்பில் 64 மெகாபைட்டுக்கு ஒரு பிட். 4 டெராபைட் டிஸ்க் முழுவதற்கும் சுமார் 60,000 பிட், அதாவது எட்டு கிலோபைட்டுக்கும் குறைவு. இந்த இடத்தில் எழுத்து வேலை நடந்துகொண்டிருந்தது என்பது மட்டுமே அதில் இருக்கிறது. எழுதியது என்ன, இரண்டு டிஸ்க்கில் எது சரி என்பது அதில் இல்லை. இரண்டு பேரேடுகளில் சந்தேகமான பக்கத்தை மடித்து வைத்ததுபோலத்தான் இது. எந்தப் பேரேட்டின் தொகை உண்மை என்பதை மடிப்பு சொல்லாது.

மின்சாரம் திரும்பியதும் ரெய்டு 1 எனப்படும் இந்த மிரர் என்ன செய்கிறது? முதல் டிஸ்க்கில் இருப்பதை மற்றதில் படியெடுக்கிறது. முதல் டிஸ்க்கில் பழுது இருந்தால் பழுதுதான் படியாகும். பிறகு மிரரின் நிலையைப் பார்த்தால் இரண்டு டிஸ்க்கும் நலம் என்றே திரை காட்டும். ஒத்துப்போகின்றன என்பதைச் சரியாக இருக்கின்றன என்று படிப்பதுதான் இந்த வாதத்தின் அடிப்படைப் பிழை.

இதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. முழு ஒத்திசைவு எவ்வளவு மெதுவாக இருந்தாலும், மூல டிஸ்க்கை முழுக்கப் படித்துவிடும். மறைந்திருக்கும் கெட்ட செக்டார் அப்போது வெளிப்படும். பிட்மேப் வந்தபின் அந்த வாய்ப்பு போய்விட்டது. டெபியன் லினக்ஸ் மாதம் ஒருமுறை தானே மிரரைச் சரிபார்க்க ஏற்பாடு செய்திருக்கிறது. ஆனால் வேகம் குறைகிறது என்று அதை நிறுத்திவைப்பவர்களும் உண்டு. அந்தச் சோதனையை நடத்தினாலும் எத்தனை இடத்தில் வேறுபாடு என்ற எண் மட்டுமே கிடைக்கும், எது மெய் என்ற விடை கிடைக்காது. அந்த விடை வேண்டுமானால் ஒவ்வொரு தொகுதிக்கும் செக்சம் (உள்ளடக்கத்தைச் சரிபார்க்கும் எண்) வைக்கும் இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் போன்ற அமைப்பு வேண்டும்.

கோப்பைத் தவறுதலாக அழிப்பதையும், ரான்சம்வேர் கணக்கைப் பூட்டுவதையும் மிரர் அதே நொடியில் இரண்டு டிஸ்க்கிலும் நிறைவேற்றிவிடும். பிட்மேப்பும் அந்த எழுத்தை மற்ற எழுத்துகளைப் போலவே குறித்துக்கொள்ளும்.

ஆகவே என் நிலை இதுதான்: கடைக்காரர் கையில் இரண்டு டிஸ்க்குக்கே பணம் இருந்தால், ஒன்றில் கணக்கை நடத்தி, மற்றதில் இரவுதோறும் பேக்கப் எடுத்துக் கழற்றி வேறு கட்டடத்தில் வைக்கச் சொல்லுங்கள். மிரரும் பிட்மேப்பும் மூன்றாவது டிஸ்க் வாங்கிய பிறகு வரட்டும். ஒரு சீசன் ஏலக்காய்க் கணக்கு அழிந்துபோனால், ஒத்திசைவு எவ்வளவு சீக்கிரம் முடிந்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை.