நெல்லைக் கீர்த்தனை வழியும் எங்கள் டீச்சரம்மாவும்

நம் கிறிஸ்தவக் கீர்த்தனை மரபுகளைப் பற்றிச் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று தலைவர் ஐயா கேட்டபோது மறுக்க முடியவில்லை. என்னைவிட அதிகம் அறிந்த மூத்தோர் சங்கத்தில் இருக்கிறார்கள். பல்லவி எது, சரணம் எது என்று அவர்களுக்கு விளக்கப் போவதில்லை. எனக்கு வாய்த்த நெல்லை வழியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதிவிடுவேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தஞ்சை வழியை வணங்கித்தான் எதையும் தொடங்க வேண்டும். வேதநாயக சாஸ்திரியார் பிறந்தது திருநெல்வேலியில் என்பதை, தஞ்சையார் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்ற நம்பிக்கையில், ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன். 12 வயதில் சுவார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சைக்கு அழைத்துப் போனார். அங்கே பெத்லகேம் குறவஞ்சி பாடி, 1864-இல் மறையும்போது அந்த ஊர்க்காரராகவே ஆகியிருந்தார். காலட்சேபத்தில் வளர்ந்த வழி அது. விருத்தம் பாடி, நிறுத்தி, வசனம் சொல்லி, மறுபடி பாட்டுக்கு வருவார்கள்.

மதுரைக்கு நாம் பட்ட கடன் வேறு வகை. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வெப் ஐயர் 1853-இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சில் கொண்டுவந்தார்; அவற்றில் பெரும்பாலானவை சாஸ்திரியாருடையவை. பிற்காலத்தில் அரசரடி இறையியல் கல்லூரியிலிருந்து தியாபிலஸ் அப்பாவு ஐயா பறையையும் நாட்டுப்புற மெட்டையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தபோது நம் பக்கத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். எங்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த டீச்சரம்மா சுளிக்கவில்லை. "தாளம் நிக்குதுல்லா? பெறவு என்ன?" என்றார்கள். அவ்வளவுதான் அவர்கள் விமர்சனம்.

நெல்லை வழி மேடையில் வளர்ந்ததல்ல. எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையைப் போன்ற பெரும்புலவர் நமக்கு உண்டு. 1894-இல் வந்த இரட்சணிய யாத்திரிகத்துக்கு இணை சொல்ல யாரால் முடியும்? ஆனால் பாட்டை வீட்டுக்கு வீடு கொண்டுபோனவர்கள் பெண்கள். பாளையங்கோட்டையில் 1785-இலேயே கோயில் எழக் காரணமாயிருந்தவர் குளோரிந்தாள் என்ற விதவை. பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றுதான் இன்றும் சொல்கிறோம். பிறகு வேதாகம ஸ்திரீகள், பள்ளிக்கூட டீச்சர்கள், உபதேசியார் வீட்டு அம்மாமார். அந்த வரிசையில் வந்தவர்கள் டீச்சரம்மா.

ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை. மேடையேறிப் பாடியதில்லை, மைக்கைப் பிடித்ததும் இல்லை. சாயங்கால ஜெபத்துக்குப் பாய் விரித்து, தெருப் பிள்ளைகளையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். எந்தக் கீர்த்தனையானாலும் கடைசிச் சரணம் வரை பாடியாக வேண்டும். நாங்கள் நடுவில் ஒன்றைத் தாண்டினால், "ஏட்டி, நாலாம் சரணம் என்ன பாவம் செஞ்சுது?" என்று கேட்பார்கள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி தனிக் கலயத்துக்குப் போகும். பிடி அரிசிக் காணிக்கை நம் பெண்களுக்குப் புதிதல்ல. 1903-இல் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கித் தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பியது நம்மவர் கொடுத்த பணத்தில்தானே. மாதக் கடைசியில் டீச்சரம்மா வீட்டுக்கு அளக்கும் அரிசி குறையும். கலயத்துக்குப் போகும் பிடி குறைந்து நான் பார்த்ததில்லை. சரணத்துக்கும் அதே கணக்கு.

துட்டி வீடென்றால் ஐயர் வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்து ஞானப்பாட்டைத் தொடங்கிவிடுவார்கள். பேசாத வீடு, வேறு சபை வீடு என்று பார்த்ததில்லை. தஞ்சை வழியில் பயின்ற ஒருவரோடு ஒரு கீர்த்தனையின் தாளத்தைப் பற்றி அவர்களுக்குப் பெரிய வழக்கு இருந்தது. நற்கருணை ஞாயிற்றுக்கு முந்தின சாயங்காலம் அவர் வீட்டுக்கு நடந்துபோய், "மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீய" என்று சொல்லிவிட்டு வருவார்கள். மறுநாள் கோயிலில் அதே கீர்த்தனையைத் தம் தாளத்திலேயே பாடுவார்கள். மனஸ்தாபம் வேறு, தாளம் வேறு என்று அவர்களிடம்தான் கற்றேன்.

இன்றைய பாடகர் குழுவினரைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. பிள்ளைகள் உற்சாகமாகப் பாடுகிறார்கள், கர்த்தர் ஆசீர்வதிக்கட்டும். யாரையும் மனதில் வைத்தும் சொல்லவில்லை. ஆனாலும், கீர்த்தனைக்கு மேலே ராகமும் தாளமும் அச்சாகியிருப்பது அழகுக்காகவா? கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் வருகிற தாளத்துக்குள் ஆதியும் ரூபகமும் ஒன்றாய்ப் போய்விடுகின்றன. முதல் சரணம், கடைசிச் சரணம், ஆமென். செல்போனைப் பார்த்துப் பாடுகிறவர்களுக்கு அடுத்த சரணம் திரையில் வராவிட்டால் அது இல்லவே இல்லை. சரணத்தை விட்டவர்கள் குடும்ப ஜெபத்தை விட்டார்கள்; அதை விட்டவர்கள் துட்டி வீட்டில் வாசலோடு நின்று திரும்புகிறார்கள்; கல்யாண வீட்டில் பிரசங்கம் முடியுமுன் பந்திக்கு ஓடுகிறார்கள். அசனச் சோற்றில் ருசி குறைந்ததும் இதற்குப் பிறகுதான். இதை நான் மட்டும் சொல்லவில்லை, என் நாத்தனாரும் சொல்கிறாள்.

செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். இந்த ஆண்டுக் கீர்த்தனைப் போட்டியில் ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று நிமிடம் என்று விதி போட்டிருக்கிறீர்கள். ஆறு சரணமுள்ள கீர்த்தனையை அதற்குள் பாட முடியாது. சரணத்தை விடச் சொல்லிச் சங்கமே விதி போட்டது போலாகிறது. நேரம் போதாதென்றால் வாழ்த்துரைகளைக் குறைக்கலாம். அன்றைக்கு நானும் ஒரு வாழ்த்துரை சொல்வதாக இருக்கிறது. முதலில் அதை எடுத்துவிடுங்கள்.