தண்டைக் காட்டி பூட்டை மறைக்கும் விளம்பரங்கள்

பனிப் பிரதேசக் கார்களுக்கான மாற்று டிரைவ் ஆக்சில் விளம்பரங்களைக் கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். பெரும்பாலும் ஒரே பல்லவிதான்: உயர்ரக எஃகு, கடினமாக்கப்பட்ட தண்டு, எந்த முறுக்கையும் தாங்கும் பலம். படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மிச்சிகனிலோ ஒன்டாரியோவிலோ தினமும் வேலைக்குப் போய்வரும் காரில் அந்தத் தண்டு முறிவது அபூர்வம். முதலில் போவது மூட்டைப் போர்த்தியிருக்கும் பூட். மடிப்பு மடிப்பாக இருக்குமே, அந்தக் கறுப்பு உறை.

முன்சக்கரம் திரும்பவும் வேணும், எஞ்சின் விசையும் அதுக்குப் போகணும். இதற்காக 1920களில் ஆல்ஃப்ரெட் ஜெப்பா வடிவமைத்த ஆறு குண்டு மூட்டின் வாரிசுகள்தான் இன்றைய கார்களின் வெளி சி.வி. ஜாயிண்ட்கள். குண்டுகள் கிரீஸில் ஊறிக் கிடக்கணும். பூட்டில் ஒரு வெடிப்பு விழுந்தால், சுழலும் வேகத்தில் கிரீஸ் வெளியே தெறிக்கும்; உப்புக் கலந்த பனிச்சேறு உள்ளே புகும். அப்புறம் வண்டியைத் திருப்பும்போது 'டிக் டிக்' சத்தம்தான்.

ஆக, கேட்க வேண்டிய முதல் கேள்வி பூட் எதனால் ஆனது என்பது. நியோப்ரீன் ரப்பர் கடுங்குளிரில் இறுகும். தெர்மோபிளாஸ்டிக் எலாஸ்டோமர் தேய்மானத்தையும் கிழிசலையும் நன்றாகத் தாங்கும். குளிருக்கென்றே தயாரித்த வகைகளும் உண்டு. இதை வெளிப்படையாக எழுதும் விற்பனையாளர்கள் சிலர் இருக்கிறார்கள், பாராட்டணும். மற்றவர்கள் 'மாலிப்டினம் கலந்த கிரீஸ்' என்று பெருமை அடிப்பதோடு சரி. சி.வி. கிரீஸில் அது வழக்கமாக இருப்பதுதானே!

உப்பு செய்யும் இன்னொரு வேலையைப் பற்றி மூச்சே இல்லை. பல கார்களில் ஏ.பி.எஸ். சென்சாருக்கான பல் வளையம் வெளி மூட்டின் மேலேயே இருக்கும். அதன் அடியில் துரு பருத்தால் வளையம் வெடிக்கும், ஏ.பி.எஸ். தப்பான சிக்னலைப் படிக்கும். பிரேக் சம்பந்தப்பட்ட விஷயம் இது. பளபளக்கும் கறுப்புப் பெயின்ட் படத்தை வைத்து இதையெல்லாம் எப்படிக் கணிப்பது?

'ரீமேனுஃபாக்சர்டு' ஆக்சில்கள் தனிக் கதை. தேய்ந்த பள்ளத்தை அரைத்துவிட்டுப் பெரிய குண்டு போடுவது அங்கே ஒரு வழக்கம். மேற்பரப்பின் கடினமான அடுக்கு ரொம்ப ஆழமானதல்ல. அரைத்தபின் அதில் எவ்வளவு மிச்சம் என்று பெட்டியில் எழுதியிருக்காது. வாழ்நாள் உத்தரவாதமும் பெரும்பாலும் பொருளுக்கு மட்டும்தான். இரண்டாவது தடவை கழற்றி மாட்டும் கூலி நம்ம பாக்கெட்டிலிருந்து.

பூட் மட்டும் கிழிந்திருக்கு, சத்தம் இல்லை, உள்ளே சேறும் போகலை என்றால், சுத்தம் செய்து புது கிரீஸ், பூட், கிளாம்ப் போட்டாலே பல நேரம் போதும். கூலி கிட்டத்தட்ட அதேதான் என்று மெக்கானிக் முழு ஆக்சிலையும் மாற்றச் சொல்லலாம். கணக்கு சரிதான். ஆனாலும் மூட்டு நன்றாக இருக்கும் அசல் ஆக்சிலைக் கொடுத்துவிட்டு, பூட் எதனால் ஆனது என்றுகூடச் சொல்லாத மலிவுப் பெட்டியை நான் வாங்க மாட்டேன்.