சிங்கிலீஷும் சிவப்பு மையும்

1999ஆம் ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் சிங்கப்பூர்ப் பிரதமர் கோ சோக் டோங் ஒரு தொலைக்காட்சிப் பாத்திரத்தை வகுப்புக்கு அனுப்பச் சொன்னார். அந்தப் பாத்திரத்தின் பெயர் புவா சூ காங். வீடு புதுப்பிக்கும் குத்தகைக்காரர். சுருட்டை முடி, மஞ்சள் பூட்ஸ், வாயைத் திறந்தால் சிங்கிலீஷ், அதாவது சிங்கப்பூரின் உள்ளூர்ப் பேச்சு ஆங்கிலம். குர்மீத் சிங் நடித்த அந்தத் தொடரை நாடே விழுந்து விழுந்து பார்த்தது. பிள்ளைகளும் அவரைப்போலவே பேச ஆரம்பித்தார்கள் என்பதுதான் பிரதமரின் கவலை. அவரை ஆங்கில வகுப்பில் சேர்க்கும்படி தொலைக்காட்சி நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டார், நிறுவனமும் இணங்கியது. அதே ஆகஸ்டில் நாட்டின் முதல் பிரதமரான லீ குவான் இயூ, சிங்கிலீஷ் சிங்கப்பூரர்கள்மேல் சுமத்தக்கூடாத ஒரு குறை என்று எச்சரித்தார். 2000 ஏப்ரலில் ‘நல்ல ஆங்கிலம் பேசுவோம்’ இயக்கம் தொடங்கியது.

ஓர் அரசு மக்களின் பேச்சைத் திருத்தப் புறப்பட்டது சரியா என்ற கேள்வி அன்றிலிருந்து ஓயவில்லை. மாநாட்டு மேடைகளைவிட வீட்டுக் கூடத்திலும் கோப்பிக்கடை மேசையிலும்தான் அந்தச் சண்டை அதிகம் நடக்கிறது. சாப்பிட்டாயா என்று கேட்டால் மகன் “ஐ ஈட் ஆல்ரெடி” என்கிறான், அம்மாவுக்குச் சுருக்கென்கிறது. விளக்கை அணைக்கச் சொல்ல “ஆஃப் த லைட்”, பேனா இரவல் கேட்க “பாரோ மீ யுவர் பென்”. அலுவலகத்தில் இளையவர் எழுதிய மின்னஞ்சலை மூத்தவர் பெருமூச்சோடு திருத்துகிறார். எரிச்சல் ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. வெளிநாட்டில் படித்துவிட்டு நுனிநாக்கு ஆங்கிலத்தோடு திரும்புகிறவரைப் பார்த்து, உருளைக்கிழங்கு தின்கிறவன் என்று பொருள்படும் “ஜியாக் காந்தாங்” என்ற பட்டத்தைச் சூட்டுகிறது அதே கோப்பிக்கடை. திருத்துகிறவருக்கு அவமானம் சிங்கிலீஷில் இருக்கிறது. திருத்தப்படுகிறவருக்கு அது திருத்தத்தில் இருக்கிறது.

இந்தத் திருத்தும் பழக்கத்தின் நோக்கம் சரி, நோயறிதல் தவறு என்பது என் முடிவு. இரண்டையும் கலந்து பேசுவதால்தான் வாதம் நகராமல் நிற்கிறது.

நோக்கத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சிங்கப்பூருக்கு விளைநிலம் இல்லை, கனிமம் இல்லை. குடிநீரின் ஒரு பகுதிகூட ஜொகூரிலிருந்து வருகிறது. துறைமுகமும் வங்கியும் விமான நிலையமும்தான் பிழைப்பு. வெளியாள் ஒருமுறை கேட்டதும் புரிந்துகொள்ளும் ஆங்கிலம் அங்கே சோறு போடுகிறது. சீனர், மலாய்க்காரர், தமிழர் ஆகிய மூவரில் எவருக்கும் சொந்தமில்லாத மொழி என்பதால் நீதிமன்றத்துக்கும் அலுவலகத்துக்கும் அது பொதுவான தளமாகவும் அமைந்தது. 1987க்குள் எல்லாப் பள்ளிகளும் ஆங்கில வழிக்கு வந்துவிட்டன. இத்தனையும் செய்த ஓர் அரசு, பிள்ளைகள் கற்கும் ஆங்கிலம் எல்லை தாண்டியும் செல்லுபடியாக வேண்டும் என்று விரும்பியதில் தவறு காண முடியாது.

தவறு அடுத்த படியில் நேர்ந்தது. சிங்கிலீஷ் என்பது உடைந்துபோன ஆங்கிலம், சோம்பேறித்தனத்தின் விளைவு என்று வைத்துக்கொண்டார்கள். அது உண்மையல்ல. “கேன்” என்ற ஒரே சொல்லோடு ஒட்டும் அசைகளைப் பாருங்கள். “கேன் லா” என்றால் முடியும், கவலைப்படாதே. “கேன் மே?” என்றால் உன்னால் முடியுமா, நம்பிக்கை இல்லையே. “கேன் லோர்” என்றால் வேறு வழியில்லை, செய்துதான் ஆக வேண்டும். “கேன் ஹோர்?” என்றால் முடியும்தானே, சரியென்று சொல். இவற்றை இடம் மாற்றிப் போட்டால் எந்தச் சிங்கப்பூரரும் உடனே கண்டுபிடித்துவிடுவார். வெளியூர்க்காரர் “லா” போட்டுப் பேச முயலும்போது அவர்கள் நெளிவது அதனால்தான். விதி இல்லாத இடத்தில் பிழை இருக்க முடியாது. சிங்கிலீஷில் பிழை செய்ய முடிகிறது என்பதே அதற்கு இலக்கணம் உண்டு என்பதற்குப் போதுமான சான்று.

“ஐ ஈட் ஆல்ரெடி” என்பதும் அப்படித்தான். ஹொக்கியன் சீனத்தில் வினைக்குப் பின்னால் ஓர் அசை வந்து, செயல் முடிந்துவிட்டது என்று காட்டும். அந்த வேலையை இங்கே “ஆல்ரெடி” செய்கிறது. தமிழ்க் காதுக்கு இது அந்நியமே அல்ல: “சாப்பிட்டாச்சு” என்கிறோமே, அதே ஏற்பாடு. பசார் மலாய், ஹொக்கியன், காண்டனீஸ், தமிழ் எல்லாம் சந்தையிலும் பள்ளி முற்றத்திலும் உரசிப் பிறந்த பேச்சு இது. மளிகைக்கடையை “மாமா ஷாப்” என்று சீனக் குழந்தையும் சொல்வது நம்மவர்கள் விட்டுச்சென்ற தடம். கட்டாய தேசிய சேவை 1967இல் வந்த பிறகு, வெவ்வேறு வீடுகளிலிருந்து வந்த இளைஞர்கள் ஒரே படைவீட்டில் பேசிக்கொள்ள ஒரு மொழி தேவைப்பட்டது. காலப்போக்கில் அந்த இடத்தை நிரப்பியதில் பாடநூல் ஆங்கிலத்தைவிடச் சிங்கிலீஷுக்குப் பங்கு அதிகம்.

இதற்கு முன்னும் ஒரு மொழித் திருத்தம் நடந்திருக்கிறது. 1979இல் ‘மாண்டரின் பேசுவோம்’ இயக்கம் தொடங்கியபோது ஹொக்கியன், தியோச்சூ, காண்டனீஸ் வழக்குகள் வானொலியிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் படிப்படியாக ஒதுக்கப்பட்டன. பாட்டிக்கும் பேரனுக்கும் இடையே பேச்சு அறுந்த வீடுகள் ஏராளம். வீட்டிலிருந்து துரத்தப்பட்ட அந்த மொழிகளின் சொற்கள் சிங்கிலீஷில்தான் ஒண்டிக்கொண்டன. பிறரிடம் தோற்றுவிடுவோமோ என்ற பதைப்பைச் சொல்லும் “கியாசு”, கூச்சத்தைச் சொல்லும் “பைசே”, அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பவரைக் குறிக்கும் “கேபோ” எல்லாம் ஹொக்கியன் சரக்கு. இரண்டாவது முறையும் அவற்றைத் துரத்த வந்தபோது மக்கள் முரண்டு பிடித்ததில் வியப்பில்லை.

அதற்காகச் சிங்கிலீஷின் காவலர்கள் சொல்வதையெல்லாம் ஏற்க வேண்டியதில்லை. 2016 மே மாதம் கவிஞர் குவீ லீ சுய் நியூயார்க் டைம்ஸில் சிங்கிலீஷைப் போற்றி ஒரு கட்டுரை எழுதினார். அப்போதைய பிரதமரின் பத்திரிகைச் செயலாளர் அதே நாளிதழுக்கு மறுப்புக் கடிதம் அனுப்பினார்: தரமான ஆங்கிலத்தைப் பரப்ப அரசு எடுக்கும் முயற்சியைக் கட்டுரை இலேசாக எடுத்துக்கொள்கிறது என்பது அதன் சாரம். பலரும் அந்தக் கடிதத்தை அளவு மீறிய பதற்றமாகவே பார்த்தார்கள். எனக்கு அதில் ஓர் உண்மை தெரிகிறது. நியூயார்க் டைம்ஸில் எழுதக்கூடியவருக்குச் சிங்கிலீஷ் ஒரு கூடுதல் சொத்து. கோப்பிக்கடையில் ஒன்று, கருத்தரங்கில் ஒன்று என்று அவர் மாற்றிக்கொள்வார். மாற்றத் தெரியாதவர் என்ன செய்வார்? ஓரறை ஈரறை வாடகை வீட்டில் வளர்ந்து, வீட்டிலும் தெருவிலும் சிங்கிலீஷ் ஒன்றையே கேட்ட பெண் நேர்முகத் தேர்வில் உட்காரும்போது, அது எங்கள் அடையாளம் என்ற முழக்கம் அவளுக்கு வேலை வாங்கித் தராது. இரண்டு வழக்கையும் கையில் வைத்திருப்பவர்கள் ஒன்றே போதும் என்று மற்றவர்களுக்குச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

அந்தப் பெண்ணுக்குத் திருத்தும் பழக்கம் உதவுகிறதா என்பதுதான் உரைகல். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் 32.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்றார்கள்; 2020இல் அது 48.3 விழுக்காடு. அந்த வீட்டு ஆங்கிலத்தில் பெரும்பங்கு சிங்கிலீஷின் ஏதோவொரு படிநிலையாகத்தான் இருக்கும். ஆகவே, பள்ளியில் விழும் சிவப்பு மை குழந்தையின் தாய் பேசும் பேச்சின்மேல் விழுகிறது. உன் பேச்சு அசிங்கம் என்று கேட்டு வளரும் குழந்தை நல்ல ஆங்கிலம் பேசக் கற்பதைவிட வாயை மூடிக்கொள்ளவே கற்கும். வகுப்பில் கை தூக்காத பிள்ளைகளை அறிந்த எந்த ஆசிரியருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

வேறு வழி இருக்கிறது. சிகாகோ அருகிலுள்ள அரோரா பல்கலைக்கழகத்தில் ஹன்னி டெய்லர் செய்த சோதனை 1989இல் நூலாக வந்தது. கறுப்பின மாணவர்களின் எழுத்தில் வீட்டு வழக்கின் கூறுகள் வந்தபடி இருந்தன. ஒரு குழுவுக்கு வழக்கமான திருத்தம். மற்றொரு குழுவுக்கு வீட்டு வழக்கையும் பொது ஆங்கிலத்தையும் அருகருகே வைத்து, எங்கே எப்படி வேறுபடுகின்றன என்று கற்பித்தார்கள். ஒப்பிட்டுக் கற்றவர்களின் எழுத்தில் வீட்டு வழக்குக் கூறுகள் 59 விழுக்காடு குறைந்தன. திருத்தம் மட்டும் பெற்றவர்களிடம் அவை சுமார் 8.5 விழுக்காடு கூடின. சிறிய சோதனைதான், ஆயினும் திட்டிச் சாதிக்க முடியாததை ஒப்பிட்டுச் சாதிக்கலாம் என்பதை அது காட்டுகிறது.

சிங்கப்பூருக்கு அமெரிக்காவரை போகவும் தேவையில்லை. தன் தமிழ் வகுப்பைப் பார்த்தாலே போதும். தமிழில் எழுத்து வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் உள்ள தூரம் உலகறிந்தது. எழுத்துத் தமிழையே பேசச் சொன்னதால், ஆங்கிலம் புழங்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் தேர்வு மொழியாகச் சுருங்கியது. தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு 2005இல் தந்த அறிக்கை பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடம் தரப் பரிந்துரைத்தது. அதன்பின் வந்த பாடத்திட்டம், படித்தவர்கள் பொதுவாகப் பேசும் தமிழை வாய்மொழிப் பாடத்திலும் தேர்விலும் அனுமதித்தது. எழுதுவதற்கு எழுத்து வழக்கு அப்படியே இருந்தது. மொழி கெட்டுவிடும் என்ற அச்சக்குரல்கள் எழாமல் இல்லை. ஆனாலும் கல்வி அமைச்சு உறுதியாக நின்றது. இரண்டு வழக்குக்கும் தனித்தனி இடம் உண்டு என்று தமிழ் விஷயத்தில் ஒப்புக்கொண்ட அமைச்சு, ஆங்கில விஷயத்தில் அதை ஒப்புக்கொள்ளத் தயங்குவதற்கு நியாயமான காரணம் எனக்குத் தெரியவில்லை. சிங்கிலீஷைப் பாடமாக்கு என்று யாரும் கேட்கவில்லை. அதைப் பாடத்துக்கான மூலப்பொருளாக எடுத்துக்கொள்ளலாம் என்பதே கோரிக்கை.

அரசுக்கே சிங்கிலீஷின் அருமை தெரியும். 2003இல் சார்ஸ் பரவியபோது, கை கழுவுங்கள் என்று மக்களுக்குச் சொல்லப் புவா சூ காங்தான் பாட்டோடு வந்தார். 2021 மே மாதம் கொவிட் தடுப்பூசி போட்டுக்கொள்ள மக்களை அழைத்த அரசாங்கக் காணொளியிலும் அவரே ஆடிப்பாடினார். உயிர்காக்கும் செய்தி எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டிய நாளில் நம்பப்பட்ட பேச்சு இது. ஆக்ஸ்போர்டு அகராதியும் 2016இல், இன்பத்தைச் சொல்லும் “ஷியோக்”, சும்மா பொழுது கழிப்பதைச் சொல்லும் “லெபாக்” போன்ற சொற்களை ஏற்றது. அதே ஆண்டு “ஐயோ”வும் உள்ளே போனது.

துணிச்சல் பெறவாவது ஒரு செய்தியைக் கல்வி அமைச்சு எண்ணிப் பார்க்க வேண்டும். நான்காம் வகுப்பு மாணவர்களின் வாசிப்புத் திறனை அளக்கும் பிர்ல்ஸ் ஆய்வில், 2021இல் 587 புள்ளியோடு சிங்கப்பூர் உலகில் முதலிடம் பெற்றது. அந்தப் பிள்ளைகள் தேர்வெழுதியது ஆங்கிலத்தில். இடைவேளையில் அவர்களில் பலர் பேசியது சிங்கிலீஷாகத்தான் இருந்திருக்கும். ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும் என்ற அச்சத்துக்கு இனி ஆதாரம் போதாது.

இலவசத் தொலைக்காட்சிக்கான விதித்தொகுப்பு, சிங்கிலீஷை இலக்கணமற்ற உள்ளூர் ஆங்கிலம் என்று வரையறுத்து, அதைத் தவிர வேறு பேசத் தெரியாதவரின் நேர்காணலுக்கு மட்டும் விலக்கு அளித்தது. ‘இலக்கணமற்ற’ என்ற அந்தச் சொல்லுக்கு எந்த விதியிலும் இடம் இருக்கக்கூடாது. தொடக்கப்பள்ளி ஆங்கில ஆசிரியருக்கான பயிற்சியில் சிங்கிலீஷின் இலக்கணம் ஒரு பாடமாக வர வேண்டும். பெற்றோரிடம் கேட்பது இன்னும் சிறியது: மகன் “ஐ ஈட் ஆல்ரெடி” என்று சொன்னால், இதையே உன் ஆசிரியரிடம் எப்படிச் சொல்வாய் என்று கேளுங்கள். திட்டாதீர்கள்.