தொட்டும் தெளியாத மயக்கம்

கனவுக்கும் நனவுக்கும் இடையிலுள்ள எல்லையை அழித்துக் காட்ட வேண்டுமானால் புகை மண்டலமும் வண்ண ஒளியும் சுழன்று கரையும் பிம்பங்களும் வேண்டும் என்று சினிமாக் கலைஞர்கள் நெடுங்காலமாக நம்பி வந்திருக்கிறார்கள். அந்தச் சாமான்கள் எதையும் நாடாமல், ஒரு கிராமத்துப் பெட்ரோல் பங்க்கையும் ஒரு சீன உணவுச்சாலையையும் ஒரு மீன் பண்ணையையும் வைத்துக்கொண்டே, பார்ப்பவன் காலூன்றி நிற்கும் தரையைச் சந்தேகத்துக்கு உரியதாக்கிவிட்ட ஒரு படத்தை நான் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் பார்த்து வருகிறேன். கனடா நாட்டு டைரக்டர் டேவிட் குரோனன்பெர்க் 1999-இல் வெளியிட்ட ‘எக்ஸிஸ்டென்ஸ்’ என்ற படம் அது. அதே ஆண்டில் வந்த ‘மேட்ரிக்ஸ்’ உலகத்தையே தன் பக்கம் இழுத்துக்கொண்டதால் இந்தப் படத்தைக் கவனித்தவர்கள் குறைவு. பெர்லின் திரைப்பட விழாவில் இதன் கலைத்திறனுக்கு வெள்ளிக் கரடி விருது அளித்தவர்கள் மட்டும் கண்திறந்து பார்த்தார்கள் என்று சொல்லலாம்.

எழுதிய நாவலுக்காக மரண ஆணைக்கு ஆளாகி மறைந்து வாழ்ந்துகொண்டிருந்த சல்மான் ருஷ்டியை 1995-இல் ஒரு பத்திரிகைக்காகக் குரோனன்பெர்க் பேட்டி கண்டார். கற்பனை செய்ததே குற்றமாகி, அதற்காக ஒரு கலைஞன் ஓடி ஒளிய நேர்ந்த அந்த அவலம் அவர் மனத்தில் விதையாக விழுந்து, ‘வீடியோட்ரோம்’ படத்துக்குப் பின் பிறர் நூல் எதையும் தழுவாமல் அவர் தாமே புனைந்த முதல் திரைக்கதையாக முளைத்தது. எழுத்தாளனுக்குப் பதிலாக இங்கே, மெய்நிகர் விளையாட்டுகளைச் சிருஷ்டிப்பதில் உலகப் புகழ் பெற்ற அலெக்ரா கெல்லர் என்ற பெண் வருகிறாள். ஒரு மாதாகோயிலில் சில ரசிகர்களைக் கூட்டி வைத்துத் தன் புதிய விளையாட்டை அவள் பரீட்சித்துப் பார்க்கும் வேளையில், கூட்டத்திலிருந்து ஓர் இளைஞன் எழுந்து அவளைச் சுடுகிறான். காயத்தோடு தப்பும் அவளுக்கு, விளையாட்டுகளையே அறியாத டெட் பைகுல் என்ற இளம் ஊழியன் துணையாகிறான். அலெக்ராவாக ஜெனிஃபர் ஜேசன் லீயும் டெட்டாக ஜூட் லாவும் நடித்திருக்கிறார்கள்.

விளையாட்டுக் கருவி என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது திரையும் பொத்தான்களும் மின்கம்பியும்தான். இந்தப் படத்தில் கம்ப்யூட்டரும் இல்லை, தொலைக்காட்சிப் பெட்டியும் இல்லை. நீர்நில வாழ்வனவற்றின் முட்டைகளிலிருந்து வளர்த்தெடுத்ததாகச் சொல்லப்படும் சதைப்பிண்டம் ஒன்றே இங்கே கருவி. மடியில் கிடத்தி விரலால் நீவினால் அது நெளிகிறது, சிணுங்குகிறது, நோயும் கொள்கிறது. அதிலிருந்து புறப்படும் தொப்புள்கொடி போன்ற ஒரு கொடி, விளையாடுகிறவனுடைய முதுகுத்தண்டின் அடியில் துளைத்து வைத்த துவாரத்தில் சென்று பொருந்துகிறது. பழுதுபட்ட கருவியைச் சீர் செய்யும் காட்சியில் கத்தியும் கையுறையும் இரத்தமுமாக ஒரு ரண சிகிச்சையே நடக்கிறது. முதன்முறை பார்க்கையில் அருவருப்பில் முகம் சுளித்த நான், அந்தப் பிண்டம் நோயுற்றுத் துடிக்கையில் அலெக்ராவின் கண்களில் படரும் தாயின் பதைப்பைக் கண்ட பிறகு, இயந்திரத்தின் மீது மனிதன் வைக்கும் மோகத்தை இவ்வளவு நேராகச் சொன்னவர் வேறெவரும் இல்லை என்று உணர்ந்தேன். கண்ணையும் காதையும் ஏமாற்றுவது எளிது. ஸ்பரிசத்தை ஏமாற்றுவதுதான் அரிது என்ற ரகசியம் இந்த டைரக்டருக்குத் தெரிந்திருக்கிறது.

அதனால்தான் அலெக்ராவின் கைகளைக் கவனியுங்கள் என்று நண்பர்களிடம் எப்போதும் சொல்வேன். பெட்ரோல் பங்க்கில் வண்டி நின்றதும், துரத்தப்படும் ஒருத்திக்குரிய பரபரப்பு ஏதுமின்றி, அவள் பம்பின் மேற்புறத்தைத் தடவுகிறாள். தரையின் புழுதியைக் காலால் கிளறுகிறாள். கல்லை எறிந்து அதன் ஓசையைக் கேட்கிறாள். ஒரு சிற்பி தான் செதுக்கி முடித்த தூணை இருட்டில் தடவிச் சரிபார்ப்பது போன்ற அந்தச் செய்கைக்கு அப்போது நமக்கு அர்த்தம் விளங்குவதில்லை. படம் முடிந்து மீண்டும் முதலிலிருந்து பார்க்கும்போதுதான், அவள் ஓர் உலகத்தின் வேலைப்பாட்டைப் பரிசோதித்துக்கொண்டிருந்தாள் என்பது உறைக்கிறது.

கலை அமைப்பாளர் கேரல் ஸ்பையரும் ஒளிப்பதிவாளர் பீட்டர் சுஷிட்ஸ்கியும் செய்திருக்கும் காரியமும் இத்தகையதே. அவர்கள் சேர்த்தவற்றைக் காட்டிலும் நீக்கியவையே அதிகம். பெட்ரோல் பங்க்கின் பலகையில் ‘கிராமத்துப் பெட்ரோல் நிலையம்’ என்றும், உணவுச்சாலையின் பலகையில் ‘சீன உணவுச்சாலை’ என்றுமே எழுதியிருக்கிறது. ஊர்ப்பெயர், கடைக்காரன் பெயர், விளம்பரம், எதுவும் கிடையாது. சிக்கனமாகக் கட்டிய உலகத்தில் பொருள்களுக்கு ஜாதிப்பெயர் மட்டும் இருக்கும், சொந்தப் பெயர் இராது என்பதை எவ்வளவு நுட்பமாகக் கண்டுகொண்டிருக்கிறார்கள்! ஹோவர்டு ஷோரின் இசை, அவசரமே அறியாத கனத்த மேகம் போல இதன்மேல் கவிந்து நிற்கிறது.

நடிப்பில் செயற்கை தெரிகிறது, வசனம் சில இடங்களில் மரம் போல் விறைத்திருக்கிறது, சிலருடைய உச்சரிப்பு எந்த நாட்டுக்கும் பொருந்தவில்லை என்று இந்தப் படத்தைக் குறை கூறுவோர் உண்டு. ஒரு கடைக்காரர், தமக்குரிய கேள்வி சரியான சொற்களில் வந்து சேரும் வரையில், உயிருள்ள பொம்மை போல் தலையாட்டிக்கொண்டு சும்மா நிற்கும் காட்சியைப் பார்த்த பிறகும் அப்படிச் சொல்வது நியாயமாகாது. இறுதியில் அந்த நடிகர்களே தங்கள் இயல்பான குரலில் பேசத் தொடங்கும்போது, முன்பு நாம் குறையென்று கணக்கு வைத்தவை அனைத்தும் டைரக்டர் வேண்டுமென்றே விட்டுச் சென்ற தடயங்களாக மாறிவிடுகின்றன. மீன் பண்ணையைச் சுற்றி வரும் சதியும் எதிர்ச்சதியும் மட்டும் எனக்குச் சற்றுச் சலிப்பூட்டுவன. அவற்றை விரைவாகக் கடந்து விடலாம்.

கடக்கக் கூடாதது, அலெக்ராவும் டெட்டும் விளையாட்டுக்குள் புகுந்த பின் வரும் சீன உணவுச்சாலைக் காட்சி. விகாரமான ஜந்துக்களைச் சமைத்து வைத்த தட்டை டெட் வெறுக்கிறான். ஆயினும் தன்னையும் மீறிய உந்துதலால் அவற்றைத் தின்று, எஞ்சிய எலும்புகளை ஒன்றோடொன்று பொருத்துகிறான். அவன் கையில் ஒரு துப்பாக்கி உருவாகிறது. அதற்குத் தோட்டா மனிதப் பற்கள். மாதாகோயிலில் அலெக்ராவைச் சுட்ட அதே ஆயுதந்தான் அது. வெறுப்பும் வியப்பும் வெற்றிக்களிப்பும் ஒரே முகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வருவதை ஜூட் லா காட்டும் அந்தச் சில நிமிஷங்களுக்கு ஈடாக அவர் நடித்த வேறு எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

அதற்குச் சற்று முன்னர், விளையாட்டை நிறுத்தி நனவுலகுக்குத் திரும்புகிறான் டெட். அதே அறை, அதே படுக்கை. ஆனால் திரும்பி வந்த அந்த உலகம் அவனுக்கு விளையாட்டைவிடப் பொய்யாகத் தோன்றுகிறது. கயிற்றைப் பாம்பென்று மயங்கியவனுக்கு விளக்கு வந்ததும் பாம்பு மறைந்து கயிறு எஞ்சும் என்பது நம் வேதாந்திகள் சொல்லிவந்த திருஷ்டாந்தம். ‘மேட்ரிக்ஸ்’ படமும் முடிவில் அந்த விளக்கைக் கதாநாயகன் கையில் கொடுத்துவிடுகிறது. குரோனன்பெர்க்கோ விளக்கையும் பிரமைக்குள்ளேயே வைத்துவிடுகிறார். கயிறு என்று ஒன்று இருந்ததா என்று கேட்பதற்குக்கூட நிற்பதற்கு ஓர் இடம் இல்லை.

முடிவில், விளையாட்டு என்று நாம் எண்ணியிருந்தது இன்னொரு விளையாட்டுக்குள் அடங்கியதென்று தெரிகிறது. அதை முடித்து எழுந்த அலெக்ராவும் டெட்டும், நாயின் உடலில் மறைத்துக் கொண்டுவந்த துப்பாக்கிகளை எடுத்து, அந்தப் பெரிய விளையாட்டைப் படைத்தவனையே கொல்கிறார்கள். பிறகு, உணவுச்சாலையில் பரிமாறுபவனாக வந்த மனிதனை நோக்கி அவை திரும்புகின்றன. நடுங்கிப் போன அவன், நாம் இன்னும் விளையாட்டுக்குள்தான் இருக்கிறோமா என்று கேட்கிறான். இருவருக்கும் விடை தெரியவில்லை. படம் முழுவதும் பம்பையும் புழுதியையும் தொட்டுத் தொட்டுச் சோதித்த அந்தப் பெண்ணின் கைகள், இப்போது எதையும் தடவிப் பார்க்காமல், துப்பாக்கியை மட்டும் இறுகப் பிடித்திருக்கின்றன.