உப்பைத் தாங்குமா? கையால் செய்த படகுக் கத்தி, ஒரு நேரடிச் சோதனை

படகில் இருக்கும் கத்திக்கு மீன் அறுப்பது இரண்டாவது வேலைதான். முதல் வேலை கயிறு அறுப்பது. இறங்கிக்கொண்டிருக்கும் வலையின் கயிறு காலைச் சுற்றிக்கொண்டாலும், புரொப்பல்லரில் வடம் சிக்கினாலும் யோசிக்க நேரம் கிடைக்காது. ஒரு கை படகைப் பிடித்திருக்கும்போது மடக்குக் கத்தியைப் பிரித்துக்கொண்டிருக்க முடியாது. உருவியதும் வெட்டுகிற மடங்காத கத்திதான் அங்கே உதவும். அப்படி ஒன்றைச் சொந்தமாகச் செய்து, காசிமேட்டிலிருந்து கிளம்பும் ஃபைபர் படகில் வைத்துப் பயன்படுத்திப் பார்த்தேன்.

அலகு

நீளம் 90 மி.மீ., முதுகின் தடிமன் 3 மி.மீ. வடிவம் ஷீப்ஸ்ஃபுட்: வாய் நேராக ஓடும், முதுகு முன்பக்கம் வளைந்து இறங்கி அதைத் தொடும். குத்தும் முனை கிடையாது. பாய்மரக் கப்பல் காலத்திலிருந்தே மாலுமிகள் விரும்பிய வடிவம் இது. அலையில் படகு புரளும்போது கையில் கத்தியோடு தடுமாறினாலும் பக்கத்தில் இருப்பவரைக் குத்தாது. கயிற்றைப் பலகைமேல் வைத்து, கத்தியின் முதுகில் கட்டையால் ஓங்கித் தட்டியும் வெட்டலாம்.

நம் பட்டறைகளில் கத்திக்குப் பெரும்பாலும் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைத்தான் எடுப்பார்கள். அருமையான எஃகு, எளிதில் உடையாது. ஆனால் அதில் குரோமியம் மிஞ்சிப்போனால் ஏறக்குறைய ஒரு சதவீதம்தான் இருக்கும்; துருவைத் தடுக்கக் குறைந்தது பத்தரை சதவீதமாவது வேண்டும். அதனால் சுவீடனின் 14சி28என் எஃகைத் தேர்ந்தெடுத்தேன். இதில் கார்பன் 0.62, குரோமியம் 14, நைட்ரஜன் 0.11 சதவீதம். கார்பன் கூடினால் அது குரோமியத்தைத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும். துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைந்துவிடும். இங்கே கடினத்தின் ஒரு பங்கை நைட்ரஜன் ஏற்றுக்கொள்வதால் குரோமியம் தன் வேலைக்கு மிச்சமாகிறது.

பதம்

இந்த எஃகை உலைக்களத்தில் நிறம் பார்த்துக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் போதாது. 1,060 டிகிரி செல்சியஸ் அளவில் கணக்காகச் சூடேற்றி, வேகமாகக் குளிர்வித்து, உறைநிலைக்கு வெகு கீழே கொண்டுபோய், பிறகு 180 டிகிரியில் பதப்படுத்த வேண்டும். அதற்காக வெற்றிட உலை வைத்திருக்கும் கூடத்துக்கு அனுப்பினேன். வந்த கடினம் ராக்வெல் அளவில் 59.

இந்தப் படியில் சிக்கனம் பார்க்கக் கூடாது. தோய்ச்சல் சரியாக ஏறாத அலகில் குரோமியம் கார்பைடுக்குள் சிக்கியே கிடக்கும். 450 டிகிரிக்கு மேல் பதப்படுத்தினாலும் ஏறக்குறைய அதே கதைதான். எஃகின் பெயர் என்னவாக இருந்தாலும் அது துருப்பிடிக்கும்.

பிடியும் உறையும்

படகுக் கத்தியின் ஆயுளைத் தீர்மானிப்பது இந்தப் பகுதிதான். துருவேறாத எஃகைக் காப்பது அதன் மேல் தானாகப் படரும் குரோமியம் ஆக்சைடு படலம். கீறல் விழுந்தாலும் ஆக்ஸிஜன் இருந்தால் அந்தப் படலம் மறுபடி உருவாகும். பிடிக்கும் அதற்குள் இருக்கும் அலகின் காம்புக்கும் நடுவே உப்புத்தண்ணீர் புகுந்து தேங்கினால் அங்கே ஆக்ஸிஜன் தீர்ந்துபோகும். குளோரைடு படலத்தை உடைக்கும். குழிக்குழியாக அரிப்பு தொடங்கும். வெளியே அலகு பளபளவென்று இருக்கும்போதே உள்ளே காம்பு தேய்ந்துகொண்டிருக்கும்.

அதனால் கண்ணாடி இழையும் எப்பாக்சியும் சேர்ந்த ஜி10 பலகையைப் பிடிக்கு எடுத்து, இடைவெளியே இல்லாமல் எப்பாக்சி பூசிக் காம்போடு ஒட்டினேன். ஆணிகளும் கயிறு கோக்கும் குழாயும் 316 ரக ஸ்டெயின்லெஸ். பித்தளை ஆணி அழகாக இருக்கும்; ஆனால் உப்புநீரில் எஃகோடு சேரும்போது பித்தளைதான் கரையும். தோல் உறை ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால் கைடெக்ஸ் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அலகின் மேல் அழுத்தி உறை செய்தேன். அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை கட்டாயம் வேண்டும்.

கடலில்

வாயின் பின்பாதியில் வட்ட அரத்தால் பற்கள் வெட்டியிருந்தேன். இழுபட்டு விறைத்திருக்கும் 12 மி.மீ. பாலிபுரொப்பிலீன் கயிற்றைப் பற்கள் ஒரே இழுப்பில் அறுத்தன. தொளதொளவென்று கிடக்கும் நைலான் வலையிழைக்கு மழமழப்பான முன்பாதியே மேல். பற்களில் இழை மாட்டிக்கொள்கிறது. சொரசொரப்பான ஜி10 பிடி, மீனின் வழுவழுப்பு அப்பிய கையிலும் நழுவவில்லை. உறையில் தலைகீழாகத் தொங்கவிட்டாலும் கத்தி விழவில்லை.

கழுவாமல் இரவு முழுக்க உறையிலேயே விட்டுப் பார்த்தேன். அதேபோல் விட்ட ஸ்பிரிங் பட்டைக் கத்தி காலையில் செம்பழுப்பாகிவிட்டது. இதன் அலகு சுத்தமாக இருந்தது. பற்களின் குழிகளில் மட்டும் சில பழுப்புப் புள்ளிகள். அரத்தின் கோடுகள் இருக்கும் சொரசொரப்பான பரப்பில் உப்பு தங்குகிறது. குழிகளையும் வழவழப்பாகத் தேய்த்து மெருகேற்றினால்தான் இது தீரும். பற்களைச் சாணை பிடிக்க உருளை வடிவச் சாணைக்குச்சி வேண்டும் என்பதும் ஒரு குறை. இன்னொன்று: இந்த எஃகைக் காந்தம் இழுக்கும். திசைகாட்டியின் பக்கத்தில் கத்தியை வைக்காதீர்கள், ஊசி விலகும்.

தீர்ப்பு

கையில் பெல்ட் கிரைண்டரும் பொறுமையும் இருப்பவர்கள் தயங்காமல் செய்யலாம். அவை இல்லையென்றால் மோரா கம்பேனியனின் ஸ்டெயின்லெஸ் ரகத்தை வாங்குங்கள், 2.5 மி.மீ. தடிமனில் நன்றாக வெட்டும், ஆனால் முனை கூரானது, கவனம் வேண்டும். சொந்தமாகச் செய்தாலும் பட்டறையில் சொல்லிச் செய்தாலும் எஃகின் பெயரைக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். பதம் எங்கே போட்டார்கள், காம்புக்கும் பிடிக்கும் நடுவே எதை வைத்து அடைத்தார்கள் என்றும் கேளுங்கள். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கத்தியையும் உறையையும் தனித்தனியாகக் கழுவிக் காயவையுங்கள். இவ்வளவும் சரியாக இருந்தால் இந்தக் கத்தி பல ஆண்டுகள் படகில் இருக்கும்.