சொல்லாமல் விட்ட சொல்

பிள்ளை வளர்ப்பு நூல்களை ஆசிரியர் கலாசாலைக் காலந்தொட்டு வாசித்து வருகிறேன். பெரும்பாலானவை செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை என்று பட்டியல் போடுபவை. யப்பானில் டெட்சுகோ குரோயாநாகி எழுதி 1981இல் நூலாக வெளிவந்த 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'யில் பட்டியல் இல்லை. ஆயினும் நான் அதிகம் கற்றது அதில்தான்.

முதலாம் வகுப்பிலேயே டோட்டோ பாடசாலையிலிருந்து நீக்கப்படுகிறாள். தாய் அதை அவளிடம் சொல்லவில்லை. புதிய பாடசாலைக்குப் போவோமா என்று மட்டும் கேட்கிறாள். இருபது வயது கடந்த பின்னரே மகளுக்கு உண்மை தெரிகிறது. புதிய பாடசாலை அதிபர் கொபாயாஷியோ முதல் நாளே நான்கு மணித்தியாலம் அவள் பேச்சைக் கேட்கிறார்.

நூலில் ஒரு குறையும் உண்டு. அந்த மௌனத்தை இத்தனை வருடம் காக்கத் தாய் பட்ட பாடு சரியாகப் பதிவாகவில்லை. பெற்றோருக்கு வேண்டிய பாடம் அங்குதான் இருக்கிறது.

என் மகனின் புலமைப்பரிசில் புள்ளி குறைந்த அன்று, வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் நானே அதைச் சொன்னேன். அவன் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தான். நூலை முடித்த இரவு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "என்ன வாப்பா, ஏச வந்தீங்களா?" என்றுதான் முதலில் கேட்டான்.